ட்ரூ லைஸ் 4கே டிஸ்க் வாங்கலாமா? பழைய டெக் கடைக்காரர் ஒருவரின் பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் அடுத்த மாதம் கட்டாரிலிருந்து வருகிறாராம். அப்பாவுக்கு 60ஆவது பிறந்தநாள். ஆர்னோல்ட் நடித்த 'ட்ரூ லைஸ்' அப்பாவின் உயிர்ப் படம். அதன் 4கே டிஸ்க்கை (ப்ளூரேயைவிடக் கூடுதல் நுணுக்கமாகப் படம் காட்டும் டிஸ்க்) வாங்கி வரச் சொல்லலாமா என்று பார்த்தவர்களின் கருத்துகளைத் தேடியிருக்கிறார். ஒருவர் "இப்படியொரு சண்டைப் படம் இனி வராது" என்கிறார், இன்னொருவர் "காசைக் கடலில் போடாதே" என்கிறார். வீட்டில் இருப்பது 43 அங்குல 4கே டிவியும் ஒரு பிளேஸ்டேஷன் 4 உம். யாரை நம்புவது?

தம்பி, இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். முதல் ஆள் படத்தைப் பற்றிச் சொல்கிறார், இரண்டாவது ஆள் டிஸ்க்கைப் பற்றிச் சொல்கிறார். திருகோணமலை வடகரை வீதியில் பதினைந்து வருடம் டெக்கும் (வீடியோ கசெட் ஓட்டும் பெட்டி) கசெட்டும் வாடகைக்குக் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு அதே டெக்குகளைத் திருத்திப் பிழைத்தேன். கடைக்கு வந்து கருத்துச் சொன்னவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் எந்தக் கொப்பியில் பார்த்தீர்கள்?"

படத்தைப் பற்றி முதலில். ஜேம்ஸ் கேமரன் இயக்கி 1994 ஜூலையில் வந்தது. ஒரு பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தின் கதையை எடுத்துப் பெருப்பித்தார்கள். 10 கோடி டொலர் செலவு என்று அப்போதே பெரிதாகக் கதைத்தார்கள். உலகம் முழுவதும் 37 கோடிக்கு மேல் வசூலித்தது. கணவன் உளவாளி. மனைவியோ அவனைக் கம்ப்யூட்டர் விற்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் குதிரையில் ஏறி மோட்டார் சைக்கிளைத் துரத்துவதும், கடல் நடுவே பாலம் உடைவதும், அந்தரத்தில் நிற்கும் ஹரியர் விமானமும்தான்.

இந்த ஹரியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில காட்சிகளில் வருவது அமெரிக்க மரைன் படையிடம் வாடகைக்கு எடுத்த உண்மையான விமானம். ஆர்னோல்ட் உள்ளே இருக்க அது கட்டடங்களுக்கு நடுவில் மிதக்கும் காட்சிக்கு, விமானத்தின் அளவிலேயே ஒரு பொம்மை செய்து மயாமியில் ஒரு கட்டடத்தின் மேல் தூக்கி நிறுத்தி எடுத்தார்கள். அதனால்தான் 30 வருடம் கழித்தும் அந்தக் காட்சி கார்ட்டூன் போல் தெரியவில்லை. வெயில் உண்மையான வெயில், நிழல் உண்மையான நிழல். பாலமும் அப்படித்தான். புளோரிடாவின் செவன் மைல் பாலத்துக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய பாலம் இருக்கிறது. அங்கேயும் எடுத்தார்கள், மாதிரிப் பாலம் ஒன்றைக் கட்டியும் உடைத்தார்கள்.

எங்கள் ஊரில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களின் கருத்து ஒரே மாதிரி இருந்ததில்லை. இதை நான் காதால் கேட்டவன். இளம் பெடியள் விமானத்துக்காக இரண்டாம் தரம் எடுத்துப் போவார்கள். பாலையூற்றுப் பக்கமிருந்து வரும் ஒரு ரீச்சர் அம்மா கசெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "பெண்சாதியைப் பிடித்து வைத்து முகம் காட்டாமல் விசாரிக்கிறான், அதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். நான் சிரித்தவன். அவர் கேட்ட பிறகு அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்குப் புதிதாகப் பார்க்கிறவர்களும் இதே குறையைத்தான் எழுதுகிறார்கள். ஆனாலும் அந்த மனைவி வேடத்தில் நடித்த ஜேமி லீ கேர்ட்டிசுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. படத்தில் ஆர்னோல்டைவிட நன்றாக நடித்தது அவர்தான் என்பது என் கட்சி.

அடுத்த குறை, அரபுக்காரர்களைக் காட்டிய விதம். படம் வந்தபோதே அமெரிக்காவில் அரபு அமைப்புகள் எதிர்ப்புக் காட்டின. கடைக்கு வரும் முஸ்லிம் நண்பர் ஒருவர் முழுப் படத்தையும் ரசித்துவிட்டு, "எல்லாம் நல்லம் மச்சான், எங்கட ஆக்களை மட்டும் மொக்கனுகளாய்க் காட்டியிருக்கிறான்" என்றார். தமிழும் முஸ்லிமும் சிங்களமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊர் இது. படத்தில் 'பயங்கரவாதி' என்ற சொல் வரும்போது பார்க்கிறவர்கள் ஒரே இடத்தில் சிரிக்க மாட்டார்கள். சீனன்குடாப் பக்கமிருந்து ஹெலி எழும்பும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திக் காது கொடுத்த யுத்த காலத்தில், ஒரு போர் விமானத்தை வைத்துப் பகிடி விடும் படத்தைப் பார்த்தோம். அது ஒரு விடுதலை மாதிரியும் இருந்தது, ஒரு கரைச்சல் மாதிரியும் இருந்தது. உங்கள் அப்பாவுக்கு அது எப்படி இருந்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். அதற்கு முன் கசெட்டைச் சொல்லாவிட்டால் டிஸ்க் விளங்காது.

எங்கள் கடைக்கு இந்தப் படம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது. வழியில் சோதனைச் சாவடியில் பார்சலைப் பிரித்த சிப்பாய் அட்டையைப் பார்த்து "ஆர்னோல்ட்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு அவரே திரும்பச் சுற்றிக் கொடுத்தார். ஒளிக்காமல் சொல்கிறேன், அது கொப்பியின் கொப்பி. அந்தக் கசெட்டில் நிறம் சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கும், படத்தின் கீழே ஒரு விரல் அகலத்துக்குப் பட்டி நெளியும். ட்ராக்கிங்கைத் திருகினால் அது மேலே ஏறும், போகாது. ஒரு மாதத்தில் இன்னொரு கோடும் சேர்ந்தது. அது விமானம் வரும் இடத்தில் இல்லை. மனைவி ஹோட்டல் அறையில் ஆடுவாளே, அந்த இடத்தில்! எடுத்துப் போனவர்களெல்லாம் அதே இடத்தில் நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, திரும்பப் போட்டதில் நாடா தேய்ந்துபோயிற்று. கேட்டால் எல்லோரும் "சண்டைக்காகத்தான் அண்ணே" என்பார்கள். எந்த வீட்டில் எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்று டெக் கடைக்காரனுக்கு நாடாவே சொல்லிவிடும்.

இனி ஒரு விசித்திரம். டீவீடி வந்த புதிதில் எங்கள் ஆட்கள் படத்தின் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டி இருப்பதைப் பார்த்து, "பாதிப் படத்தை வெட்டிவிட்டான்" என்று சண்டைக்கு வருவார்கள். பெரும்பாலான அகலப் படங்களுக்கு அது தவறான முறைப்பாடு; பழைய சதுர டிவிக்காகத் தயாரித்த கசெட்டில்தான் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் ட்ரூ லைஸ் சூப்பர் 35 என்ற முறையில் எடுத்த படம். அதில் கமரா மேலும் கீழும் கூடுதலாகப் பிடித்துவைக்கும். தியேட்டருக்குப் போகும்போது நடுவில் ஒரு அகலமான பட்டையை மட்டும் எடுப்பார்கள். வீடியோவுக்குக் கொடுக்கும்போது பல காட்சிகளில் மூடியிருந்த மேல் கீழ்ப் பகுதியைத் திறந்துவிட்டார்கள். ஆகவே கசெட்டில் பார்த்த உங்கள் அப்பா, தியேட்டரில் பார்த்தவன் காணாத கூரையையும் தரையையும் கண்டிருப்பார். புதிய டிஸ்க்கைப் போட்டதும் "முந்தி இதைவிடக் கூடத் தெரிந்ததே" என்று அவர் சொன்னால் அவருடைய ஞாபகத்தைப் பிழை சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. எங்கள் நாட்டு டிவி ஒளிபரப்பு முறையின் பெயர் பால் (PAL). ஒரு செக்கனுக்கு 25 படம். சினிமாவோ 24. அந்தக் காலத்துப் பால் கசெட்டுகளில் படத்தை 4 சதவீதம் விரைவாக ஓட்டி ஒப்பேற்றுவார்கள். 141 நிமிடப் படம் ஏறக்குறைய 135 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் ஒரு நூல் கீச்சிடும். டிஸ்க்கில் சரியான வேகம். அப்பா "என்னடா, ஆர்னோல்ட் ஆறுதலாகக் கதைக்கிறான்" என்று கேட்டால் காரணம் இதுதான்.

கசெட்டுக்குப் பிறகு வந்த சீடிக் கொப்பிகளை விட்டுவிடலாம். இரண்டு சீடியாக வரும், புகை வந்தால் சதுரம் சதுரமாக உடையும், முதல் சீடி முடிந்து மாற்றுவதற்குள் தேநீர் வந்துவிடும். 1999 இல் வந்த முறையான டீவீடியும் பெரிய திறம் இல்லை. அகலத் திரை டிவிக்கு ஏற்றபடி படத்தைப் பதியாமல், கறுப்புப் பட்டியையும் சேர்த்துப் பதிந்து விட்டார்கள். இன்றைய டிவியில் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு படம். டீவீடிக்கு அடுத்த தலைமுறையான ப்ளூரே டிஸ்க் வந்து மற்றப் படங்களெல்லாம் இரண்டு தரம் மூன்று தரம் வெளியான பிறகும் இந்தப் படம் முறையாக வரவேயில்லை. ஏறத்தாழ 25 வருடம் இதன் ரசிகர்கள் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். 2023 டிசம்பரில் இணையத்திலும், 2024 மார்ச் 12ஆம் திகதி டிஸ்க்கிலும் வந்தது. அன்றைக்கே கேமரனின் 'ஏலியன்ஸ்', 'தி அபிஸ்' இரண்டும் வந்தன. இவ்வளவு காத்திருந்தவன் பெட்டியைப் பிரித்துப் போட்டால் ஆர்னோல்டின் முகம் மெழுகில் செய்தது போல் இருக்கிறது. கோபம் வராதா?

என்ன நடந்தது என்றால், படத்தைத் திருத்தும் வேலை நியூசிலாந்தில் பீற்றர் ஜாக்சனின் பார்க் ரோட் போஸ்ட் என்ற இடத்தில் நடந்தது. பழைய படச்சுருள்களைத் துலக்குவதில் பெயர் எடுத்தவர்கள். அங்கே இயந்திரத்துக்குப் படங்களைக் காட்டிப் பழக்கி உருவாக்கிய மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். பிலிமில் எடுத்த படத்தில் எப்போதும் பொடிப்பொடியாக ஒரு மணல் ஓடிக்கொண்டிருக்கும். அது அழுக்கு இல்லை. அந்தப் பொடிகளால்தான் படமே ஆகியிருக்கிறது. தோலின் துவாரம், தாடி மயிர், துணியின் இழை எல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அதை வழித்து எடுத்தால் கூடவே இவையும் போய்விடும். போனதை ஈடுசெய்ய மென்பொருள் "இங்கே கண்ணிமை இப்படி இருந்திருக்கும்" என்று ஊகித்து ஒரு கோடு கீறும். கல்யாண அல்பத்தில் ஸ்டூடியோக்காரர் மணப்பெண்ணின் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பொம்மையாக்கி, பிறகு கண்ணுக்கு மட்டும் கறுப்புப் போடுவாரே, அதேதான். தாய்க்கே பிள்ளையை மட்டுக்கட்ட முடியாமல் இருக்கும்.

இது தவறுதலாக நடந்தது இல்லை. கேமரன் பார்த்து ஒப்புக்கொண்ட பிரதிதான் இது. குறை சொன்னவர்களுக்கு அவர் பதிலும் சொன்னார். 2017 இல் வந்த 'டேர்மினேட்டர் 2' 4கே டிஸ்க்குக்கும் இதே மெழுகு முறைப்பாடு வந்தது. அவருக்கு அந்த மணல் பிடிக்காது போலிருக்கிறது. எடுத்தவருக்கே பிடிக்காததைப் பார்க்கிறவர்கள் காப்பாற்ற நினைப்பது வேடிக்கைதான். ஆனால் நான் பார்க்கிறவர்கள் பக்கம். படம் வெளியே போன பிறகு அது எடுத்தவரின் தனிச் சொத்து இல்லை.

உவர்மலையில் ஒரு நண்பரின் மகனிடம் 65 அங்குல டிவியும் இந்த டிஸ்க்கும் இருக்கின்றன. போன வருடம் போய்ப் பார்த்தேன். முகம் நெருங்கி வரும் இடங்களில் முறைப்பாடு முழுக்க உண்மை. ஆர்னோல்டின் நெற்றி, மாபிள் பதித்த மாதிரி. தலைமயிர் சில இடங்களில் மயிராக இல்லை, கம்பியாக இருக்கிறது. ஆனால் பாலக் காட்சி வந்தபோது நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். கடலின் நீலத்தை அப்போதுதான் முதல் முறை பார்த்தேன்; என் கசெட்டில் அது ஊதா. ஏவுகணை பாலத்தில் விழும் சத்தம் தரையால் வந்து காலில் ஏறுகிறது. ஒலியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கோபக்காரர்கள்கூட அதை ஒப்புக்கொள்கிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. முதலாவது, பிளேஸ்டேஷன் 4 இல் 4கே டிஸ்க் ஓடாது. ப்ரோ என்றாலும் ஓடாது. டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 அல்லது தனியான 4கே பிளேயர் வேண்டும். அமெரிக்கப் பெட்டியில் 4கே டிஸ்க்கோடு சாதாரண ப்ளூரே ஒன்றும் சேர்த்து வருகிறது. உங்களிடம் ஓடக்கூடியது அந்த இரண்டாவதுதான். 4கே டிஸ்க்குக்கு நாட்டுக் கட்டுப்பாடு கிடையாது, ப்ளூரேக்கு உண்டு. இலங்கை சி பிரிவு, வளைகுடா நாடுகள் பி பிரிவு, அமெரிக்கா ஏ பிரிவு. உங்கள் பிளேஸ்டேஷன் எந்த நாட்டுக்கென்று விற்கப்பட்டதோ அந்தப் பிரிவுதான் கணக்கு. முதலில் உங்கள் பிளேஸ்டேஷனின் பின்பக்கத்தை நீங்கள் பாருங்கள், பிறகு டிஸ்க் பெட்டியின் பின்பக்கத்தை அண்ணனிடம் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் வாங்கி, அப்பாவின் பிறந்தநாளில் "இந்த டிஸ்க்கை ஓட்ட முடியாது" என்று திரையில் எழுத்து வந்தால் எனக்கு ஏசக்கூடாது.

இரண்டாவது, தூரம். 43 அங்குல டிவியின் உயரம் ஏறக்குறைய 53 சென்ரிமீற்றர். இந்தப் படத்தின் பட்டிகளைக் கழித்தால் படம் 40 சென்ரிமீற்றர்தான். 4கே தரும் நுணுக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரிய டிவிக்கு ஒரு மீற்றருக்குள் இருக்க வேண்டும். 60 வயது மனிதரை அப்படிக் கொண்டுபோய் இருத்த முடியுமா? மூன்று மீற்றர் தள்ளிச் சாய்கதிரையில் இருந்து பார்த்தால் ப்ளூரேக்கும் 4கேக்கும் நுணுக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே காரணத்தால் மெழுகும் அவ்வளவாகத் தெரியாது. ப்ளூரேயும் அதே திருத்திய மூலப் பிரதியிலிருந்து வந்ததுதான், ஆனால் தூரம் உங்களைக் காப்பாற்றும். திட்டி எழுதுகிறவர்களில் பலர் பெரிய திரைக்கு முன்னால் மூக்கை வைத்துக்கொண்டு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. உங்கள் அப்பா அப்படிப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான்.

என் யோசனை இது. 4கேக்கென்று பிளேயர் வாங்க வேண்டாம். ப்ளூரே சரியான பிரிவில் கிடைத்தால் அதை வாங்கி, மிச்சக் காசில் ஒரு நல்ல சவுண்ட்பார் வாங்குங்கள். இந்தப் படத்தில் பாதி சத்தம்தான். மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் கீழே பார்த்துக்கொண்டு முணுமுணுக்கும். டிவியில் படத்தை வழுவழுப்பாக ஓட வைக்கும் வசதி ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 10 கோடி டொலர் படம் சின்னத்திரை நாடகம் மாதிரி ஓடும். ஷார்ப்னெஸைக் கீழே இறக்குங்கள். ஏற்கெனவே கோடு கீறிய முகத்துக்கு டிவியும் கோடு கீற வேண்டாம். உங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட என்றால் பிளேயரைக் காற்றுப் படும் ஜன்னலடியில் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் லென்ஸ் மங்கி என்னிடம் வந்த பிளேயர்களை அடுக்கினால் கோணேசர் மலையடிக்கு வந்துவிடும்.

அப்பாவுக்குக் காட்டும்போது அந்த ஹோட்டல் அறைக் காட்சியில் அவர் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். "இந்த இடத்தில் ஒரு கோடு விழுமே" என்று அவர் வாய் தவறிச் சொன்னால், அவர் பார்த்தது என் கடைக் கசெட். திருப்பித் தர ஒரு நாள் பிந்தியதற்கு அபராதக் காசும் பாக்கி இருக்கலாம்.